நான் வர்ற வரைக்கும் நடக்க விடாதீங்க

1

இந்தக் கதை ஒரே வரியிலிருந்து கிளம்பியது. என் பக்கத்து அறையில் குடியிருக்கும் சிறை வார்டர் சொன்னார்: "கொரோனா சமயத்துல இருபத்தொரு நாள் உள்ள இருந்தேங்க." என்ன குற்றம் என்று பதறிக் கேட்டுவிட்டேன். வேலைக்குத்தான் என்றார். நோய் உள்ளே வரக் கூடாதென்று கைதிகளோடு வார்டர்களையும் சேர்த்துப் பூட்டிவிட்டார்களாம். அவ்வளவுதான் சொன்னார். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: 'உயர்ந்த மதிலுக்குப் பின்னால் சூரியன் மெல்ல மெல்ல...'

வேண்டாம். சூரியன் பாட்டுக்கு இருக்கட்டும்.

இரண்டாவது: பெண்கள் பிரிவு வார்டருக்கு, உள்ளே போகும்போது ஒரே கவலை. அவளுடைய பதினொரு மாதப் பையன் நாற்காலியைப் பிடித்து நிற்கத் தொடங்கியிருந்தான். எந்த நேரமும் கையை விட்டுவிடுவான். அந்த முதல் அடியை அவள் பார்த்தே ஆகவேண்டும்.

"நான் வர்ற வரைக்கும் நடக்க விடாதீங்க" என்றாள் புருஷனிடம், கறாராக.

"கால்ல பூட்டா போட முடியும்?"

(இது பிடித்துப்போயிற்று. இப்படியே போகலாம்.)

3

பாதி வார்டர்கள் காய்ச்சலில் படுத்துவிட்டதால் மூன்று ஆள் வேலை அவள் தலையில். காலையில் நூற்றுப்பத்துப் பேருக்கும் காய்ச்சல் பார்க்க வேண்டும். முகக்கவசத்துக்குள்ளிருந்து ஒரு பெயரைக் கூப்பிட்டால் நாலு பேர் எழுந்து வருவார்கள். அவள் தங்கியதும் ஒரு காலி செல்லில்தான். ஈரத்துண்டைக் கம்பியில் எப்படிக் கட்டினால் சீக்கிரம் காயும் என்று கைதிகளே சொல்லிக்கொடுத்தார்கள்.

அவர்களில் ஒருத்தி டெய்லர் அக்கா. முகக்கவசம் தைப்பவள். உள்ளே வந்து ஒன்பது வருஷம்.

"முதல் வாரந்தான் மேடம் கஷ்டம். அப்புறம் பழகிரும்" என்று ஆறுதல் சொன்னாள். மொத்தப் பிரிவும் சிரித்தது. மேடமும்தான்.

வார்டர்களின் செல்போனுக்கு உள்ளே இடமில்லை. அதனால் கைதிகளின் வீடியோ கால் வரிசையிலேயே மேடமும் நின்றாள்.*

* உண்மையில் அப்படி நின்றார்களா என்று கேட்காதீர்கள். பக்கத்து அறைக்காரர் மறுபடி ட்யூட்டிக்குப் போய்விட்டார்.

4

பன்னிரண்டாம் நாள். திரையில் புருஷன் ஏகத்துக்கும் குதித்தான். பையன் நாற்காலியை விட்டான். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஐந்தாவது அடியில் பொத்தென்று உட்கார்ந்து இரண்டு காலையும் திரையை நோக்கி நீட்டினான். வரிசையே கைதட்டியது.

டெய்லர் அக்கா மட்டும் தட்டவில்லை. பையனுடைய காலுறையின் அடியில், தேய்ந்த ஓட்டையை அடைத்த ஒரு கோணல் தையல். ஆம்பளை கை போட்டது. தவழும் பிள்ளைக்கு முட்டிதான் தேயும், உள்ளங்கால் தேயாது. இவன் நடந்து பல நாள் ஆகியிருக்க வேண்டும். அக்காவின் மகளும் இப்படித்தான், முதன்முதலாக வாசிக்கிறேன் என்று, சிறைக்குப் பார்க்க வந்தபோது ஒரு புத்தகத்தை விரித்தாள். பக்கமெல்லாம் கைபட்டுக் கசங்கியிருந்தது.

(ஊரில் இருக்கும் என் வீட்டிலிருந்து போனில் வரும் 'இப்பதான்' எல்லாமும் பழசுதான். நானும் 'அப்படியா' என்பேன்.)

5

இங்கே மாட்டிக்கொண்டேன்.

அக்கா உண்மையைச் சொல்லிவிடுவதாக ஒரு முடிவு எழுதினேன். கிழித்துவிட்டேன். அந்த மனுஷன் பாவம், எத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தானோ.

மேடத்துக்குக் கடைசிவரை தெரியாது என்றும் எழுதினேன். ஆனால் சோதனையில், சோப்புக்குள் ஒளித்த ஊசியைக் கண்டுபிடித்தவள் அவள். அவள் கண்ணுக்கா அந்தத் தையல் தப்பும்?

அதனால் அவர்கள் பேசியதை மட்டும் வைத்துவிடுகிறேன்.

"பாத்தீங்களாக்கா? முதல் தடவையே அஞ்சு அடி."

"ஆமா மேடம். கெட்டிக்காரப் பய."

இரண்டு பேர் முகத்திலும் கவசம். கண் மட்டும்தான் தெரிகிறது. யார் யாருக்காக நடித்தார்கள் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். எதுவானாலும் மேடத்தின் புருஷன் காதில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.