இடக்கைப் பக்கம்

தையல் ஆலையில் அவளுக்கு ஸ்பேனர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. முன்னூறு மெஷின் ஓடும் தளத்தில் எது முனகினாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அதனால் தம்பியின் அக்கார்டியன் மேஜையிலிருந்து சிமெண்டுத் தரையில் விழுந்து, இடக்கைப் பக்கம் பத்துப் பன்னிரண்டு பட்டன்கள் உள்ளே போய்விட்டபோது, வேறு ஆளைத் தேட வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. துணி தைக்கிற மெஷினானால் என்ன, காற்றில் பாடுகிற பெட்டியானால் என்ன? ஒன்றை அழுத்தினால் இன்னொன்று அசைய வேண்டும். அசையவில்லையா, நடுவில் எங்கோ கோணல்.

நேரம்தான் கழுத்தைப் பிடித்தது. எட்டு மாதத்துக்கு முன் தகடு அழுத்தும் மெஷினில் தம்பியின் இடக்கையில் கடைசி இரண்டு விரல்கள் போயின. அவன் வாசித்துக்கொண்டிருந்த பேண்டின் மாஸ்டர் இத்தனை நாள் பொறுத்துப் பார்த்தார். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு வீட்டுக்கே வருவதாகவும், முடியுமென்றால் வாசித்துக் காட்டட்டும், முடியாதென்றால் பேண்டு வாங்கிக் கொடுத்த பெட்டியைப் புது ஆளிடம் கொடுத்துவிடட்டும், சும்மா கிடந்து பூச்சி அரிப்பதில் யாருக்கு என்ன பிரயோஜனம் என்றும் சொல்லி அனுப்பியிருந்தார். நியாயமான மனுஷன்தான். அவர் நியாயம் எப்போதும் கொஞ்சம் வலிக்கும்.

சனிக்கிழமை காலையில் தம்பி வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, விழுந்து கெட்டதை மட்டும் சரி பண்ணினால் போதும், மற்றதை நோண்ட வேண்டாம் என்றான். மெஷினுக்கு முன்னால் நிற்கிற எல்லாரும் சொல்வதுதான் இது. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சாப்பாட்டு மேஜையில் பழைய போர்வையை விரித்துப் பெட்டியைக் கவிழ்த்தாள். இடப்பக்க மூடியின் திருகாணிகளைக் கழற்றியதும் உள்ளே கம்பிக் காடு. ஆறு வரிசை, வரிசைக்கு இருபது பட்டன். ஒவ்வொரு பட்டனுக்கும் பின்னால் ஒரு கம்பி, அதன் விலாவில் பல் மாதிரி சின்ன முளை. பட்டனை அழுத்தினால் முளை போய்த் தனக்கான நெம்புகோலை இடிக்கும். நெம்புகோல் காற்றுத் துளையின் மூடியைத் தூக்கும். துருத்தியின் காற்று உள்ளே இருக்கும் உலோக நாக்கை அதிர வைக்கும். சில பட்டன்களுக்கு ஒரு முளை, சிலவற்றுக்கு மூன்று. இதைக் கண்டுபிடித்தவன் சோம்பேறியாக இருந்திருக்க முடியாது என்று அவளுக்கு மரியாதை வந்தது.

அட்டைப் பெட்டி ஒன்றின் மேல் ஆணியால் நூற்றிருபது துளை போட்டு, உருவிய கம்பியை அதே வரிசையில், அதே இடத்தில் குத்தி வைத்தாள். விழுந்ததில் பதினொரு கம்பிகள் வளைந்திருந்தன, ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு ஒரு பக்கம். அவற்றைக் குறட்டால் பிடித்துக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்த்துப் பார்த்து நிமிர்த்தினாள். கை தானாக ஓடியது. பத்தரை மணிக்கு ஒரு டீ போட்டுக் குடித்தாள்.

உள்ளங்கைக்குப் பக்கத்து வரிசைக்கு வந்தபோது மூன்று கம்பிகளில் முளை ஒரே பக்கமாக, ஒரே அளவுக்குத் திரும்பியிருந்தது. குறடு கடித்த தடமும் இருந்தது. விழுந்தால் இப்படி வளையாது என்று அவளுக்குத் தெரியும். எவனோ கை வைத்திருக்கிறான். ஆலையிலும் இதே கூத்துதான். தைக்கிறவர்கள் மிதியடிக்கு அடியில் அட்டையைச் செருகுவார்கள், நெம்புகோலில் ரப்பர் பேண்டைச் சுற்றுவார்கள். மாதம் ஒருமுறை அவள் எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்து, கம்பெனி செட்டிங்குக்குக் கொண்டு வருவாள். முதுகுக்குப் பின்னால் அவர்கள் திட்டுவதும் தெரியும். மெஷின் கம்பெனிக்காரனைவிடவா இவர்களுக்குத் தெரிந்துவிட்டது?

மூன்றையும் நேராக்கினாள்.

இரண்டு மணிக்குத் தம்பி வந்தான். பெட்டியை மாட்டிக்கொண்டு துருத்தியை இழுத்தான். ஒட்டல் இல்லை, முனகல் இல்லை, பட்டன்கள் மழைத்துளி மாதிரி இறங்கி எழுந்தன. அவள் கையைத் துடைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். அவன் ஒரு நடனப் பாட்டை எடுத்தான். மூன்றாவது சுற்றில் இடக்கைப் பக்கம் அபசுரம் கத்தியது. திரும்ப வாசித்தான். அதே இடத்தில் அதே கத்தல். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா, கடைசி வரிசையில கை வெச்சியா?"

"எவனோ அரைகுறை அதை வளைச்சு வெச்சிருந்தான். நிமித்திட்டேன்."

"அந்த அரைகுறை நான்தான்."

போன விரல்கள் தொட்டுக்கொண்டிருந்த சுரங்கள் துருத்திப் பக்கத்து வரிசையில் இருந்தன. மிச்ச விரல்கள் வேகப் பாட்டில் அங்கே எட்டிப் போய்த் திரும்ப முடியவில்லை. உள்ளங்கைப் பக்கம் அவன் தொடாத பட்டன்கள் சும்மா கிடந்தன. அதில் மூன்றின் முளையைத் திருப்பி, தனக்கு வேண்டிய சுரத்தை இடிக்க வைத்து, அதற்கேற்ப ஆறு மாதம் விரலைப் பழக்கியிருக்கிறான். ஏன் வாயைத் திறந்து சொல்லவில்லை என்று கேட்டதற்கு, கள்ள வாசிப்பு என்று சிரிப்பார்கள் என்றான்.

அவளுக்கு வந்த கோபம் யார் மேல் என்று அவளுக்கே புரியவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள். மறுபடி திருகாணிகளைக் கழற்றினாள்.

"குறட்டால முறுக்கினா எத்தனை நாளைக்குடா நிக்கும்? ஒண்ணுல விரிசல் விட்டிருக்கு பாரு. மேடையில ஒடஞ்சிருந்தா?"

"அப்ப என்ன பண்றது?"

"வெட்டி எடுத்து, வேண்டிய இடத்துல பத்த வெச்சுடலாம். மூணு போதுமா? இன்னும் எங்கெங்க எட்டல, சொல்லு."

இருபது வருஷத்தில் மெஷினில் உட்கார்கிறவரிடம் அவள் அப்படிக் கேட்டதே இல்லை. அவனும் முதலில் போதும் என்றான். பிறகு மெதுவாக இன்னும் இரண்டைச் சொன்னான். அப்புறம் வெட்கம் விட்டுப்போய் மேலும் மூன்று. மேஜை விளிம்பில் மூன்று விரலை வைத்து, இங்கிருந்து இங்கே தாவுகிறேன், இது தவறுகிறது என்று காட்டக் காட்ட, அவள் அட்டையில் சாக்பீஸால் குறித்தாள். எட்டுக் கம்பி. பற்றவைக்கும் புகையில் இரண்டு பேருக்கும் கண்ணில் நீர் வந்தது; யாரும் துடைத்துக்கொண்டிருக்கவில்லை, நேரமில்லை. கடைசித் திருகாணி இறுகியபோது மணி நாலு நாற்பது.

மாஸ்டர் சொன்ன நேரத்துக்கு வந்தார். டீ வேண்டாம் என்று உட்கார்ந்து, சுவரைப் பார்த்தபடி கேட்டார். தம்பி நிதானமாக ஒன்று வாசித்தான். வேகமாகப் போகச் சொன்னார், போனான். அதைவிட வேகமாகச் சொன்னார். இடக்கை தடுமாறவில்லை, தாளம் இரும்பு மாதிரி நின்றது. மாஸ்டர் எழுந்து வந்து பெட்டியை வாங்கித் தன் தோளில் மாட்டினார். முப்பது வருஷக் கை. நாலாவது அடியிலேயே அபசுரம். இன்னொரு தடவை பார்த்தார். இன்னும் மோசமாகக் கத்தியது.

"என்னப்பா, உன் பெட்டி என்னை எதிர்த்துப் பேசுது?"

"எட்டுப் பட்டனை என் கைக்குத் தகுந்த மாதிரி மாத்தியாச்சு மாஸ்டர். இனிமே இது வேற யாருக்கும் ஆகாது."

அவர் அவனுடைய இடக்கையை அப்போதுதான் நேராகப் பார்த்தார். பார்த்துவிட்டு, வார்களைக் கழற்றிப் பெட்டியை அவனிடமே கொடுத்தார்.

"அப்ப புது ஆளுக்கு வேற பெட்டிதான் பாக்கணும். நீ நாளைக்கு ஆறு மணிக்கு வந்துரு. கறுப்புச் சட்டை."

வாசல் வரை போனவர் நின்று ஸ்பேனரைப் பார்த்தார். தன் பெட்டியிலும் நாலைந்து பட்டன்கள் சண்டித்தனம் பண்ணுவதாகவும், யாரிடமாவது கொடுத்து அனுப்பலாமா என்றும் கேட்டார்.

"குடுத்தனுப்ப வேண்டாம் மாஸ்டர்," என்றாள் அவள். "பெட்டியோட நீங்களும் வாங்க."