அதிகபட்சம் இருபது பெட்டி

பதின்மூன்று வருடமாக வார்டில் ஊசி போடுகிறேன். பட்டம் இல்லாததால், நான் பழக்கிவிட்ட பெண்களே இன்று எனக்கு டியூட்டி போட்டுக் கொடுக்கிறார்கள். அந்தப் பட்டப்படிப்பில் சேர ஒரு நுழைவுத்தேர்வு உண்டு. வயது வரம்புப்படி எனக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. நோயாளியின் நரம்பைக் கண்டுபிடித்தால் போதாதாம், கணக்கில் எக்ஸையும் கண்டுபிடிக்க வேண்டுமாம்.

சொல்லிக்கொடுக்க வந்தவன் என் தம்பி. இதே மாதிரி ஒரு தேர்வை மூன்றாவது தடவையில் தாண்டியவன் என்பதால் வீட்டில் அவனுக்குப் பேராசிரியர் என்று பெயர். வைத்தது நான்தான். அது கிண்டல் என்று அவனுக்கு இன்னும் உறைக்கவில்லை.

எது பெரிது, எது சிறிது என்று குறி போடும் அசமன்பாட்டுக் கணக்கில்தான் எனக்கு மண்டை காய்ந்தது. ஒரு லிஃப்ட் அதிகபட்சம் ஐந்நூறு கிலோ தாங்கும். அறுபது கிலோ ஆசாமி ஒருவர் இருபத்திரண்டு கிலோ பெட்டிகளோடு ஏறுகிறார். எத்தனை பெட்டி ஏற்றலாம்? எங்கள் ஆஸ்பத்திரி லிஃப்ட் மூன்று மாதமாக வேலை செய்யவில்லை, ஆகவே விடை பூஜ்யம் என்றேன். பேராசிரியர் சிரிக்கவில்லை. சரியென்று ஒழுங்காகப் போட்டேன். 'அதிகபட்சம்' என்பதில் 'அதிக' என்று பளிச்சென்று இருக்கிறதே, 'பெரிது' குறியைப் போட்டேன். இருபது பெட்டி அல்லது அதற்கு மேல் என்று விடை வந்தது.

"அந்த ஆளைக் கொன்னுட்டியேக்கா," என்றான் தம்பி.

'குறைந்தபட்சம்' என்று வந்தால் அதில் 'குறைந்த' இருக்கிறதே என்று 'சிறிது' குறி. இப்படியே இரண்டு வாரத்தில் ஒரு பாலத்தை உடைத்தேன், ஒரு படகைக் கவிழ்த்தேன். தம்பி தலையில் அடித்துக்கொண்டான். கடைசியில் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். எந்தக் கணக்கையும் டாக்டர் எழுதிய சீட்டாக நினைத்துக்கொள்வது. ஒரு நாளைக்கு அதிகபட்சம் நாலு மாத்திரை என்றால் மூன்று கொடுக்கலாம், நாலும் கொடுக்கலாம், எந்த நர்ஸும் ஐந்தாவதைக் கொடுக்கமாட்டாள். அதற்குப் பிறகு என் நோட்டில் யாரும் சாகவில்லை.

தேர்வில் அறுபது வாங்கினேன். அறிவிப்பில் 'குறைந்தபட்சம் அறுபது மதிப்பெண்' என்றுதான் இருந்தது. சான்றிதழ்களைத் தூக்கிக்கொண்டு சேர்க்கை அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்த பதிவேட்டில் பெயரும் மதிப்பெண்ணும் எழுதிக் கையெழுத்துப் போட்டு வரிசையில் நின்றேன். கவுன்டரில் இருந்த எழுத்தர் என் மதிப்பெண் தாளை இரண்டு விரலால் திருப்பித் தள்ளினார். அறுபதுக்கு மேல் இருந்தால்தான் சேர்க்க முடியும் என்றார்.

அவ்வளவுதான், இனி சாகும்வரை அந்தச் சின்னப் பெண்கள் போடும் டியூட்டிதான் என்று நினைத்தேன். மறுபடியும் நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேனோ என்று ஒரு நிமிடம் குழம்பினேன். பிறகு கோபம் வந்தது.

"குறைந்தபட்சம்னா அறுபதும் சேர்த்திதான் சார். உங்க தேர்விலேயே இந்தக் கணக்கு வந்துச்சு. அதைத் தப்பாப் போட்டிருந்தா எனக்கு அம்பத்தொன்பதுதான் கிடைச்சிருக்கும்."

அவர் என் தாளோடு உள்ளே இருந்த அதிகாரியிடம் போனார். போன வேகம் திரும்பும்போது இல்லை. தாளில் முத்திரை குத்திக் கொடுத்தார். சந்தோஷத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வாசல்வரை வந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. திரும்பிப் போனேன்.

"காலைலேர்ந்து அறுபதோட வந்தவங்கள்ல எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினீங்க சார்?"

அவர் பதிவேட்டை இழுத்து வைத்துப் பெயர்களின்மேல் விரலை ஓட்டினார். விரல் இரண்டாம் பக்கத்துக்குப் போனது.