முதுகு காட்டி நின்ற கல்

வினாத்தாள் என்பதே ஒரு பாசாங்கு என்பது சவுரிராயனின் கட்சி. விடை தெரிந்தவர், விடையை மனப்பாடம் செய்த பிள்ளையைப் பார்த்து, ஒன்றும் அறியாதவர்போலக் கேட்பதும், அந்தப் பிள்ளை அதையே திருப்பி ஒப்பிப்பதும், அதற்கு மதிப்பெண் இடுவதும் கல்வி ஆகுமா என்று ஆசிரியர் அறையில் அவர் உரக்கவே கேட்பார். மற்றவர்கள் தேநீரை உறிஞ்சுவார்கள்.

விழுப்புரத்தில் குடியிருந்த அவர், நாள்தோறும் திண்டிவனம் பேருந்தில் ஏறிப் பாதி வழியில் இறங்கி, மேலேரிப்பாக்கம் உயர்நிலைப் பள்ளிக்கு நடந்து வருபவர். ஒன்பதாம் வகுப்புக்கு வரலாறு அவருடையது. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் மட்டும் பாடநூலை மூடிவைத்துவிட்டு, உலகத்தில் எவருக்கும் விடை தெரியாத வினா ஒன்றைக் கரும்பலகையில் எழுதுவார். சிந்துவெளி முத்திரைகளில் என்ன எழுதியிருக்கிறது? கட்டிய நகரங்களை விட்டுவிட்டு அந்த மக்கள் ஏன் போனார்கள்? பிள்ளைகள் ஊகம் சொல்வார்கள். எந்த ஊகத்தையும் அவர் சரியென்றோ தவறென்றோ சொல்லமாட்டார். “ஆதாரம்?” என்று மட்டும் கேட்பார்.

எண்பத்தைந்தாம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ராஜாமணி என்னும் மாணவி எழுந்து நின்றாள்.

“சார், அந்த ஊரு இந்த ஊருன்னு எங்கியோ போறீங்களே, எங்க ஏரியிலயே ஒண்ணு கீது சார். ஏரி ரொம்பினா எங்கம்மாவுக்கு ஏன் சேலை குடுக்கறாங்க? யாருக்குமே தெரியல சார்.”

வகுப்பு சிரித்தது. சவுரிராயன் சிரிக்கவில்லை.

அவ்வூர் வழக்கம் இதுதான். மேலேரி நிரம்பிக் கலங்கல் வழியே நீர் வெளியேறத் தொடங்கியதும், ஊரார் மேளத்துடன் ராஜாமணியின் தாய் கெங்கம்மாளின் வீட்டுக்கு வருவார்கள். தட்டில் சிவப்புச் சேலையும் மஞ்சளும் பூவும் இருக்கும். கெங்கம்மாள் கைம்பெண், பிறர் நிலத்தில் களையெடுத்துப் பிழைப்பவள். மற்ற நாளில் அவளை ஏனென்று கேட்க ஆள் இல்லை. அன்று மட்டும் ஊர்த்தலைவர் பெரியதம்பியே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அவள் வாசலில் காத்து நிற்பார். அவள் அந்தச் சேலையை உடுத்தி ஏரிக்கரைக்குப் போவாள். மதகின் அருகே ஏரியைப் பார்த்தபடி, கரைக்கு முதுகு காட்டி ஒரு கல் நிற்கிறது. கல்லோடு முதுகு சேர்த்துச் சற்று நேரம் நின்றுவிட்டு, திரும்பிப் பாராமல் வீடு வந்து சேருவாள். அவளுக்கு முன் அவள் மாமியார் நின்றாள். அதற்கு முன் மாமியாரின் மாமியார். கல்லின் முகத்தை எவரும் கண்டதில்லை. அதன் முன்பக்கம் முகம்வரை வண்டலில் புதைந்து, முள்மரங்களுக்குள் மறைந்திருந்தது. அப்பக்கம் ஆடு மேய்ப்பவர்கூட இறங்குவதில்லை.

பிள்ளைகள் ஊரெல்லாம் விசாரித்தார்கள். வகுப்பில் மூன்று ஊகங்கள் தேறின. மதகு நிலைப்பதற்காக அந்த வீட்டில் பிறந்த பெண் ஒருத்தியைப் பலியிட்டிருக்கலாம். கரை உடைந்த நாளில் அதை அடைக்கப் போய் ஒருத்தி மாண்டிருக்கலாம். அல்லது அவளே தன் செலவில் மதகைக் கட்டியவளாக இருக்கலாம். கல்லில் இருப்பது அவள் உருவமாக இருக்கலாம்.

“கல்லின் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்,” என்றார் சவுரிராயன். “கையில் என்ன வைத்திருக்கிறாள், கீழே எழுத்து உண்டா என்று பார்க்கவேண்டும்.”

அதற்கு அந்த வீட்டுக்காரியின் சம்மதம் வேண்டும் அல்லவா? கெங்கம்மாள் ஒரு மாலைப்பொழுது பள்ளிக்கே வந்தாள். வாசலோடு நின்றுகொண்டாள்.

“சித்திரையில ஏரி வத்தட்டும் சார். நானே கூட வர்றேன். எனக்குந்தான் அந்த மூஞ்சியப் பாக்கணும்னு ஆசை. அது முதுகுலயே சாஞ்சிக்கினு எத்தினி தபா நின்னிருக்கேன்!”

அதுவரை பொறுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

புரட்டாசியில், விழுப்புரத்தில் பள்ளிகளுக்கிடையே சமூக அறிவியல் கண்காட்சி என்று ஆணை வந்தது. ராஜாமணி பெரிய அட்டையில் ஏரியையும் மதகையும் கல்லின் முதுகையும் அழகாக வரைந்தாள். நோக்கம், செய்முறை, முடிவு என்று மூன்று தலைப்புகள் இருந்தாக வேண்டும் என்பது விதி. ‘முடிவு’ என்பதன்கீழ் அவள், “சித்திரையில் தெரியும்” என்று எழுதியிருந்தாள்.

தலைமையாசிரியர் அட்டையைத் திருப்பி அனுப்பினார். “இன்னா சார் இது, ஜோசியமா? முடிவு இல்லாத அட்டையை வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. மூணுல ஒண்ணை ஜல்தியா எழுதுங்க. கேக்கறவன் வாயப் பொளக்கணும்.”

வினாத்தாளைப் பாசாங்கு என்று பழித்த மனிதர், பேனாவை எடுத்தார். தம் கையாலேயே எழுதினார்: ‘மதகு நிலைப்பதற்காக ஒரு கன்னிப்பெண் பலியிடப்பட்டாள். அவள் பிறந்த குடும்பத்துக்கே ஊர் இன்றும் சேலை அளித்து வருகிறது.’

“சார், ஆதாரம்?” என்றாள் ராஜாமணி.

“பிறகு பார்த்துக்கொள்ளலாம்,” என்றார் அவர்.

முதற்பரிசு கிடைத்தது. நடுவர்கள் அட்டையின் முன் நெடுநேரம் நின்றார்கள். சான்றிதழைச் சட்டமிட்டுத் தலைமையாசிரியர் அறையில் மாட்டினார்கள். அட்டை பள்ளி வாசலில் வைக்கப்பட்டது. பேருந்துக்குக் காத்திருந்தவரெல்லாம் படித்தார்கள்.

ஊரில் பேச்சு மாறியது. குளத்துக்குப் போன ராஜாமணியைப் பார்த்து ஒருத்தி கூவினாள்: “ஏண்டி, இந்த வருசம் மழை ஜாஸ்தியாம். பாத்து இரு, கரை ஒடஞ்சா உன்னைத்தான் தேடுவாங்க!” உடனிருந்தவர்கள் சிரித்தார்கள். கோலியனூரிலிருந்து பெண் கேட்டு வருவதாக இருந்த உறவினர்கள், ‘பலி குடுத்த வீடு’ என்று சொல்லி நின்றுவிட்டார்கள். ராஜாமணி பள்ளிக்கு வருவதும் நின்றது.

சவுரிராயன் அவள் வீட்டுக்குப் போனார். கெங்கம்மாள் முறத்தில் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“அது உறுதியில்லை அம்மா. வெறும் ஊகந்தான்.”

“அப்புறம் எதுக்கு சார் எழுதினீங்க?”

அவர் வாசற்படியில் உட்கார்ந்தார்.

“அந்தச் சேலையக் கட்டிக்கினு நடந்தா அம்மனே நடக்கற மாதிரி இருக்கும் எனக்கு. வருசத்துல ஒரு நாளுதான். இப்ப நெனச்சா, ஆட்டுக்கு மஞ்சத்தண்ணி தெளிச்சி இட்டுக்கினு போற மாதிரி கீது.” முறத்தைக் கீழே வைத்தாள். “நீங்க படிச்சவங்க. பொய்யின்னா பொய்யின்னு ஊருல சொல்லுங்க.”

அவர் பெரியதம்பியிடம் போனார். பெரியதம்பி, அவ்வூரில் மல்லாட்டை எனப்படும் நிலக்கடலை மூட்டைகளின்மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டார்.

“ஊகம்னு இப்ப சொல்றீங்க. பிரைஸ் குடுத்தாங்களே சார், பொய்யிக்கா குடுப்பாங்க? எங்க பாட்டன் முப்பாட்டனையெல்லாம் கொலைகாரன்னு அட்டையில எழுதி ரோட்டுல வெச்சிட்டீங்க. இப்ப வந்து பேஜாரு பண்றீங்களே!”

அட்டையை எடுத்துவிடும்படி தலைமையாசிரியரிடம் சவுரிராயன் மன்றாடினார். “பரிசு வாங்கின அட்டையையா?” என்று அவர் வியந்தார். அவ்வளவுதான்.

கார்த்திகையில் ஏரி நிரம்பியது. அட்டையால் வந்த வெறுப்பு ஒரு பக்கம் இருந்தாலும், கரை உடைந்துவிடுமோ என்ற அச்சம் பெரிது; ஊரார் மேளத்துடன் வந்தார்கள். சவுரிராயனும் தெருமுனையில் நின்றிருந்தார். கெங்கம்மாள் கதவைத் திறந்தாள், தட்டைத் தொடவில்லை.

“எங்கூட்டுப் பொண்ணக் கொன்னதுக்குக் கூலியா இது? எடுத்துக்கினு போங்க.”

“கரை ஒடஞ்சா நீதான் பொறுப்பு,” என்றார் பெரியதம்பி.

“ஒடையட்டும்.”

மேளம் நின்றது. அவர்களே சேலையைக் கொண்டுபோய்க் கல்லின் கழுத்தில் சுற்றிவிட்டு வந்தார்கள். பிறகு மழை விடாமல் பெய்தது. ஊரே சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கரையில் காவல் கிடந்தது. கரை உடையவில்லை. மழை வெறித்தபோது சேலை வெளுத்துக் கல்லில் ஒட்டிக்கிடந்தது. பெரியதம்பி எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: “ஒண்ணும் ஆவலியே! இத்தினி வருசமா தெண்டமா செலவு பண்ணிக்கினு இருந்திருக்கோம்.”

பங்குனி முழுவதும் சவுரிராயன் விழுப்புரத்தில் பொதுத்தேர்வுப் பணியில் இருந்தார். சித்திரை பிறந்ததும், கடப்பாரையும் தூரிகையும் ஒரு பையில் எடுத்துக்கொண்டு மேலேரிப்பாக்கத்துக்குப் பேருந்து ஏறினார். முகத்தைப் பார்த்துவிட்டால், கையில் என்ன இருக்கிறது என்று கண்டுவிட்டால், அந்த அட்டையைத் தாமே கிழித்துவிடலாம். ராஜாமணியைத் திரும்ப அழைக்கலாம். வழிநெடுக அந்த ஒரே எண்ணந்தான்.

ஏரி வற்றி வெடித்துக் கிடந்தது. முள்மரங்கள் வெட்டப்பட்டிருந்தன. கல் நின்ற இடத்தில் கல் இல்லை. சேலைக்குச் செலவிட்டு வந்த ஊர்ப்பணத்தில் மதகுக்குப் புதிதாகத் தளம் போட்டிருந்தார்கள். நீளமான கல்லாயிற்றே என்று அதைக் குப்புறக் கிடத்தி, மேலே கனமாகச் சிமெண்ட் பூசியிருந்தார்கள். சிமெண்ட் இறுகி, ஆடுகளின் குளம்படி பதிந்து வெள்ளையாகக் கிடந்தது.

கரையின்மேல் கெங்கம்மாள் நின்றிருந்தாள். முதன்முறையாக, ஏரியைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

“இந்த ஒரு வாட்டியாச்சும் திரும்பிப் பாக்கலாம்னு வந்தேன் சார்,” என்றாள். “பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல.”

அவர் பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. “இதைப் பூசும்போது யாராவது முகத்தைப் பார்த்தார்களா அம்மா?”

“கொத்தனாரக் கேட்டேன். சேறு அப்பிக்கினு இருந்திச்சாம். கழுவிப் பாக்கணும்னு தோணலியாம்.”

வெயில் தளத்தில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. அவர் கேட்டார்: “ராஜாமணி?”

“மல்லாட்டை உரிக்கப் போயிருக்குது,” என்று சொல்லிவிட்டு, அவள் கரையிறங்கி நடந்தாள். வழக்கம்போலவே, திரும்பிப் பாராமல்.