அரைப்புள்ளி

“அறைச் சாவிய எடுத்து இப்பிடி வையி, தேனம்மை. தையில எம் பய கல்யாணம், அவனுக்கு அறை வேணும். ஆசாரிய விட்டுப் பூட்ட ஒடைக்கிறது நல்லாவா இருக்கும்?”

சேவுகன் செட்டியார் இதைச் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. வெற்றிலைக் காம்பைக் கிள்ளியபடி, காபியில் சர்க்கரை குறைவு என்று சொல்லும் குரலில் சொன்னார். சத்தம் போட்டிருந்தால்கூட அந்தக் கூடத்தில் இருந்த மற்றவர்களுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

தேனம்மை கணிப்பொறித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இடுப்பில் செருகியிருந்த சாவியின் மேல் கை மட்டும் போய் நின்றது.

“நான் எதுக்குக் குடுக்கணும்? அது எங்க அறை.”

“எங்கன்னா யாரு? என் தம்பி சாத்தப்பன்தான் போயிட்டானே. நீ செஞ்ச வெப்சைட்டுதானே இது? எங்க வீட்டுப் பக்கத்த எடு. அதுல நீ இருக்கியான்னு பாரு.”

அவள் எடுத்தாள். கானாடுகாத்தான் வீட்டின் முகப்பு படமாக வந்தது. கீழே பெயர்கள் வந்தன. சேவுகன் செட்டியார் ஒரு புள்ளி. அடுத்த தம்பி ஒரு புள்ளி. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. சாத்தப்பன் மனைவி தேனம்மை என்று தன் கையாலேயே அடித்து உள்ளே ஏற்றியவள் அவள். இப்போது அவளைக் காணோம்.

காரைக்குடியில் அந்த வருஷம், அதாவது தொண்ணூற்று ஒன்பதில், வெப்சைட் செய்து தருகிறோம் என்று பலகை மாட்டியவர் தேனம்மையின் அண்ணன் நாச்சியப்பன் ஒருவர்தான். தன் வீட்டு முன்கூடத்தில் இரண்டு கணிப்பொறி, ஒரு டெலிபோன் லைன், வேலைக்குத் தேவகோட்டையிலிருந்து பஸ்ஸில் வரும் மரிய ஜெரால்டு, அப்புறம் தங்கச்சி. புருஷனை மஞ்சள்காமாலைக்குக் கொடுத்துவிட்டு வந்த தங்கச்சியை மூலையில் உட்கார வைக்காமல் கணிப்பொறி முன்னால் உட்கார வைத்தேன் என்று சங்கக் கூட்டங்களில் பேசிக் கைதட்டு வாங்குவார். பொய் இல்லை, உட்கார வைத்தது நிஜம். ஆனால் வாசலில் யாராவது பெரியவர்கள் வந்தால் எழுந்து உள்ளே போகச் சொல்வதும் அவர்தான்.

அவருக்கு வந்த முதல் பெரிய வேலை, கோயில் கமிட்டி கொடுத்தது. கோயிலைச் சேர்ந்த வீடுகளுக்கெல்லாம் வீட்டுக்கொரு பக்கம். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் இருப்பவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே தங்கள் வீட்டைப் பார்க்க வேண்டும். கமிட்டிச் செயலாளர் சேவுகன் செட்டியார்.

அந்தச் செட்டியார் வீடுகளின் வழக்கத்தில் கல்யாணமாகிப் புருஷனும் பெண்டாட்டியுமாக ஆனால் கோயிலில் ஒரு புள்ளி. புள்ளியானால் வீட்டில் தனி அறை. பெண் கொண்டுவந்த சீர்ச் சாமான் அதற்குள் இருக்கும், சாவி அவள் இடுப்பில் இருக்கும். இருவரில் ஒருவர் போய்விட்டால் மிஞ்சியவர் அரைப்புள்ளி. ஆணுக்கும் அரைதான், பெண்ணுக்கும் அரைதான். என்ன நியாயமான ஏற்பாடு! சேவுகன் செட்டியாரே அப்படி அரையானவர்தான். மூத்தவள் செத்த மறு வருஷமே இன்னொருத்தியைக் கட்டி முழுசாகிவிட்டார். தேனம்மைக்கு இருபத்தெட்டு வயது. அவள் கட்டையில் போகும்வரை அரைதான்.

அரையானாலும் அறை அவளுடையதாக இருந்தது. அண்ணன் வீட்டில் அவளுக்கு இருந்தது கூடத்தில் சுருட்டி வைக்கும் ஒரு பாய். சனிக்கிழமைதோறும் பஸ் ஏறிக் கானாடுகாத்தான் போய், அறையைத் திறந்து பெருக்கி, ஒரு பொழுது கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு வருவாள். அழ வேண்டுமென்றால் அழுவாள். பாதி நாள் தூங்குவாள். யாரையும் கேட்காமல் அவள் கதவைச் சாத்திக்கொள்ளக்கூடிய இடம் இந்த உலகத்தில் அது ஒன்றுதான். அதைத்தான் இவர் இப்போது சர்க்கரை கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜெரால்டுக்கு முகம் வெளுத்துவிட்டது.

“சார், இது என் தப்பு. புள்ளிங்கிற எடத்துல முழு நம்பர் மட்டும் வாங்குற மாதிரி புரோகிராம் எழுதிட்டேன். அரைன்னு ஒண்ணு வரும்னு எனக்குத் தெரியாது. அது வெட்டிப் பூஜ்யமாக்கிருச்சு. பூஜ்யம் இருந்தா பேரு வராது. இப்பவே சரி பண்ணிர்றேன்.”

“எதுக்கு?” என்றார் சேவுகன் செட்டியார். “பேசாம இருக்கட்டும். நேத்து கமிட்டியில பாத்தவுக எல்லாரும் பக்கம் நல்லா லட்சணமா இருக்குன்னாக. ஒலகமே பாக்குற எடத்துல தாலியறுத்தவுக பேர வரிசையா போட்டு வைக்கணுமாக்கும்?”

நாச்சியப்பன் தொண்டையைச் செருமினார். “அதுக்கில்ல அயித்தான். வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல...”

“வழக்கத்த நான் மாத்தலையேப்பா. கம்ப்யூட்டர்தானே மாத்துது? நீதானே சொன்ன, காலம் மாறுதுன்னு.” அவர் சிரித்தார். “புள்ளி இல்லாதவளுக்கு அறை எதுக்கு? மலேயாவுல இருந்து பாக்குறவுக கேப்பாக.”

தேனம்மை அப்போதுதான் திரும்பினாள்.

“அப்ப உங்க ஆத்தா பேரு எங்க?”

சேவுகன் செட்டியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையருகே குனிந்தார். கணவரை இழந்து இருபது வருஷமாய் அந்த வீட்டை ஆண்டு வருகிற அழகம்மை ஆச்சியின் பெயரும் அங்கே இல்லை. பெற்ற தாயைக் காணாமல் இரண்டு நாளாக அந்தப் பக்கத்தை ரசித்திருக்கிறார் மனுஷன்.

பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எங்க ஆத்தாவ மட்டும் முழுப்புள்ளியா போட்டுரு. பெரிய மனுசி. மத்தது இருக்கபடி இருக்கட்டும்.”

“சரிங்க அயித்தான்” என்றார் நாச்சியப்பன்.

இந்த ‘சரி’யைச் சொல்ல அவருக்கு ஒரு மூச்சு விடும் நேரம்கூடப் பிடிக்கவில்லை. அநியாயம் செய்கிறவனைவிட, பக்கத்தில் நின்று சரி போடுகிறவனைப் பார்த்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

“வெள்ளிக்கிழமை காலையில தொறப்பு விழா. சாயங்காலம் ஆசாரி நம்ம வீட்டுக்கு வாரான். அதுக்குள்ள சாவி வந்தா மரியாதை” என்று சொல்லிவிட்டு, சேவுகன் செட்டியார் காபியை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் நாச்சியப்பன் மனைவி, அண்ணமிண்டி அகிலாண்டேஸ்வரி, சோறு போடும்போது பேச்சை எடுத்தாள்.

“சாவியக் குடுத்துரு தேனம்மை. பூட்டிக் கெடக்குற அறைதானே? கோர்ட்டு வழக்குன்னு போனா யாரு அலையிறது? இங்குட்டு ஒனக்கு என்ன கொறச்சல்?”

“ஒண்ணும் கொறச்சல் இல்ல அண்ணமிண்டி. கதவுதான் இல்ல.”

அகிலாண்டேஸ்வரிக்கு அது விளங்கவில்லை. ரசத்தை ஊற்றிவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை முழுக்க வீட்டில் வாழைமரம் கட்டுகிற சத்தமும் நாற்காலி இறக்குகிற சத்தமும். நாச்சியப்பன் வாசலுக்கும் அடுப்படிக்கும் ஓடிக்கொண்டிருந்தார். முன்கூடத்தில் தேனம்மையும் ஜெரால்டும் மட்டும் இருந்தார்கள்.

“உங்க மாதா கோயில்லயும் இப்பிடி அரை ஆளு உண்டா ஜெரால்டு?”

“அரை கிடையாதுக்கா. ஆனா எங்க பக்கம் சாதிக்கொரு கல்லறை. செத்தாலும் அங்குட்டு இங்குட்டு மாறிப் படுக்க முடியாது.” அவன் வெட்கத்தோடு சிரித்தான். “பெருமையாச் சொல்லிக்கிற மாதிரி ஒண்ணும் இல்ல.”

“அரை வந்தா இந்தப் புரோகிராம் என்ன பண்ணுது?”

“புள்ளிக்குப் பின்னாடி இருக்குறத வெட்டிருதுக்கா.”

“புள்ளி போனாலே பின்னாடி உள்ளவள வெட்டுறதுதானே வழக்கம்” என்றாள் தேனம்மை. “வெட்டாம மேல ஏத்தச் சொன்னா?”

“அப்ப அரை ஒண்ணாயிரும். ஒரு வார்த்தைய மாத்தணும், அவ்வளவுதான்...” சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். அவள் முகத்தைப் பார்த்தான். “நானே மாத்துறேன்க்கா. தப்பு என்னுது.”

“நீ தொடாத. ஒன் வேலை போயிரும். என்னைய எந்த வேலையில இருந்து எடுக்கப் போறாக? நீ போயி டீ குடிச்சிட்டு வா.”

அவன் போனான். திரும்பி வர வெகுநேரம் ஆக்கினான். அதற்குள் அவள் அந்த ஒரு வார்த்தையை மாற்றி, எல்லா வீட்டுப் பக்கங்களையும் மறுபடி உருவாக்கினாள். மோடம் கிறீச்சிட்டு மதுரையைப் பிடித்து, மதுரை வழியாக எங்கோ அமெரிக்காவில் வாடகைக்குப் பிடித்திருந்த கணிப்பொறியைப் பிடித்தது. பக்கங்கள் ஒவ்வொன்றாக ஏறின. கடைசிப் பக்கம் ஏறும்வரை வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பயந்தாள், அதில் சந்தேகமில்லை. இந்த வீட்டை விட்டால் அவளுக்குப் பாயும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை கூடம் நிறைந்துவிட்டது. கமிட்டிப் பெரியவர்கள் முன்வரிசையில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அகிலாண்டேஸ்வரி குத்துவிளக்கு ஏற்றினாள். தேனம்மையை இரண்டாம் கட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். நல்ல காரியம் நடக்கிற இடத்தில், அந்தக் காரியத்தை ஆறு மாதமாகச் செய்தவள் நிற்கக்கூடாதல்லவா? அவள் கதவுச் சந்து வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சேவுகன் செட்டியார் சந்தனப் பொட்டும் சரிகை வேட்டியுமாக வந்து விசையை அழுத்தினார். கைதட்டினார்கள். கோயில் கோபுரம் மேலிருந்து கீழாக மெல்ல மெல்லத் திரையில் இறங்கியது.

“மொதல்ல நம்ம வீட்டப் போடுப்பா” என்றார்.

ஜெரால்டு போட்டான். வீட்டின் முகப்பு கொஞ்சம் கொஞ்சமாக வந்து முடிந்தது. பிறகு பெயர்கள். சேவுகன் செட்டியார் ஒரு புள்ளி. தம்பி ஒரு புள்ளி. அழகம்மை ஆச்சி ஒரு புள்ளி. அவர் திருப்தியாகத் தலையாட்டினார். அடுத்த வரி வந்தது. சாத்தப்பன் மனைவி தேனம்மை, ஒரு புள்ளி.

அவர் தலை ஆட்டத்தின் நடுவில் நின்றது.

“எங்க வீட்டப் போடுங்க தம்பி” என்று பின்னாலிருந்து ஒரு பெரியவர் கேட்டார். ஜெரால்டு உடனே போட்டான். “அட, எங்க சின்னாத்தா பேரு இருக்கே! முழுசாவுல்ல போட்டிருக்காக!” என்று அவர் எழுந்தே விட்டார். அவருக்குச் சந்தோஷமா கோபமா என்று அவருக்கே தெரியவில்லை. கூட்டத்தில் சலசலப்பு. இன்னொருவர் தன் தங்கச்சி பெயரைத் தேடச் சொன்னார். அதுவும் இருந்தது, முழுதாக.

சலசலப்பைப் பார்த்துப் பயந்து ஜெரால்டு இணைப்பைத் துண்டித்தான். லைன் விடுபட்ட அடுத்த நிமிஷமே டெலிபோன் மணி அடித்தது. நாச்சியப்பன் எடுத்தார். பினாங்கு. கூடத்தில் இருந்த எல்லாருக்கும் கேட்கிற அளவுக்கு ஒரு வயசான பெண் குரல் கத்தியது.

“நாச்சியப்பா, என் பேரு இருக்குடா! முப்பது வருசமா அரை அரைன்னு சொன்ன பயலுக, என்னை ஒண்ணுன்னு போட்டிருக்காகடா! யாருடா போட்டது? அவுக நல்லா இருக்கணும்டா!”

அந்த அம்மாள் அழுதாள். நாச்சியப்பன் ரிசீவரை என்ன செய்வதென்று தெரியாமல் காதிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

சேவுகன் செட்டியார் எழுந்தார். நேராகச் சுவரோரம் போனார். டெலிபோன் கம்பியைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி ஒரே இழுப்பாக இழுத்தார். பெட்டி சுண்ணாம்போடு பெயர்ந்து தரையில் விழுந்தது. பினாங்குக்காரியின் அழுகை பாதியில் நின்றது. கம்பியோடு மோடமும் இழுபட்டுக் கீழே விழுந்து, அதன் பச்சை விளக்குகள் அணைந்தன.

“போச்சு. அழிச்சாச்சு” என்று துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார். “ஏதோ மிசின் கோளாறு. யாரும் ஒண்ணும் நெனைக்காதீக. எல போட்டாச்சாம், சாப்பிட வாங்க.”

பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு எழுந்து போனார்கள். அழிந்துவிட்டது என்றே எல்லாரும் நம்பினார்கள். கம்பியைப் பிடுங்கினால் விளக்கு அணைகிறது, வானொலி நிற்கிறது. வெப்சைட் மட்டும் நிற்காதா என்ன?

நிற்காது என்று தெரிந்தவர்கள் அந்த வீட்டில் மூன்று பேர். அவர்களில் நாச்சியப்பன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் கட்டுக்கு ஓடி வந்தார். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

“தேனம்மை, அந்தப் பக்கமெல்லாம் அமெரிக்கா கம்ப்யூட்டர்ல இன்னும் அப்பிடியேதான் இருக்கு. சிங்கப்பூரு, மலேயா பூராம் பாத்துக்கிட்டிருப்பாக. சீக்கிரம் எறக்கிரு ஆத்தா. அயித்தானுக்குத் தெரியிறதுக்குள்ள எறக்கிரு.”

தேனம்மை தோளில் பையை மாட்டிக்கொண்டிருந்தாள். ஆசாரி சாயங்காலம் வருவான். அதற்கு முன்னால் கானாடுகாத்தான் போய், அறைக்குள்ளே தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட வேண்டும். உள்ளே ஆள் இருக்கிற கதவை எப்படி உடைக்கிறார்கள் என்று பார்த்துவிடலாம்.

“எப்பிடிண்ணே எறக்குறது?” என்றாள். “லைனப் பிடுங்கிட்டாகளே.”