தமிழில் தம்போலா

தமிழ் வகுப்பின் வருகைப் பதிவேட்டில் பத்துப் பெயர் இல்லாவிட்டால் அடுத்த வாரம் முதல் அந்த அறை டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய்விடும். செகந்திராபாத்தை அடுத்த குஷாய்குடா குவார்ட்டர்ஸ் வெல்ஃபேர் சென்டரின் செயலாளர் தேவசகாயம், இதை ஹில்டாவிடம் சனிக்கிழமை ஃபாக்டரி கேன்டீனில் வைத்தே சொல்லிவிட்டார்.

"நானும் தமிழன்தாம்மா. ஆனா ரூல் ரூல்தான். நாளைக்கு நானே வந்து எண்ணுவேன்."

ஹில்டா ஸ்டோர்ஸில் கிளார்க். ஐந்து வருடமாக ஞாயிறு மாலைகளில் காலனிப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்து வந்தாள். என்ன சொன்னாலும் பிள்ளைகளுக்குப் புரியும். பதில் மட்டும் தெலுங்கில் வரும். பாடப் புத்தகத்தைத் திறந்தால் ஆளுக்கொரு வயிற்றுவலி. போன மாதம் வருகை நாலுக்கு இறங்கியதும் புத்தகத்தை மூடிவிட்டு, கிளப்பில் பெரியவர்கள் ஆடும் தம்போலாவைக் கொண்டுவந்தாள். பையிலிருந்து எடுக்கும் எண்ணைத் தமிழில்தான் கூவுவாள். புரிந்தவர்கள் தங்கள் சீட்டில் அடித்துக்கொள்ளலாம்; ஒரு வரிசையை முதலில் அடித்து முடிப்பவருக்கு வெற்றி.

அந்த ஞாயிறு ஒன்பது பேர் வந்திருந்தார்கள். தேவசகாயம் இரண்டு முறை எண்ணினார்.

"ஒண்ணு குறையுதேம்மா."

"நேரமிருக்கு சார். சும்மாதானே உக்காந்திருக்கீங்க, ஒரு சீட்டு எடுங்க."

"நக்கோம்மா, வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டினார்.

தேவசகாயம் செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்தவர். வீட்டில் தமிழ்தான். ஆனால் எண்கள் மட்டும் பள்ளிக்கூட நாளிலிருந்தே தெலுங்கு. சின்ன எண்கள் சிரமம் தரவில்லை. மேல் வரிசையில் நாலு அடித்துவிட்டார். இன்னும் ஒன்றுதான் பாக்கி. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எழுபத்தொன்பது!"

தேவசகாயம் பென்சிலும் கையுமாக அடுத்த எண்ணுக்குக் காத்திருந்தார்.

பக்கத்திலிருந்த எட்டு வயது நீலா எட்டிப் பார்த்தாள். "அங்கிள், உங்க சீட்ல இருக்கு கதா! செவன்டி நைன்!"

"இதுவா? டெப்பை தொம்மிதின்னு சொல்லியிருந்தா..."

அதற்குள் பின்னாலிருந்து ஒருவன் "டாப் லைன்!" என்று கத்திவிட்டான். நீலா எழுந்து அறைக்கே அறிவித்தாள்: "மிஸ், அங்கிளுக்கும் தமிழ் ராது!"

ஒன்பது பிள்ளைகளும் சிரித்தார்கள். தேவசகாயத்தின் காது சிவந்தது.

"இன்னொரு ஆட்டம் போடும்மா" என்றார்.

மூன்று ஆட்டம் போட்டார்கள். மூன்றிலும் தோற்றார். பத்தாவது பிள்ளை வரவே இல்லை. ஹில்டா பதிவேட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"ஒன்பதுதான் சார். சாவியை நாளைக்குக் கொடுத்திடறேன்."

அவர் பக்கத்தைப் புரட்டினார். திரும்பவும் புரட்டினார்.

"இதுல வயசு வரம்பு ஏதாவது இருக்கா?"

"ரூல் போட்டது நீங்கதானே சார்."

"வயசைப் பத்தி நான் ஒண்ணும் போடலை. எழுதும்மா. முழுப் பேரு வேண்டாம், ஃபாக்டரியில கிண்டல் பண்ணுவானுங்க. டி.எஸ்.னு போடு."

ஹில்டா எழுதினாள். அடுத்த கட்டத்தில் பேனாவை வைத்து, "வயசு?" என்றாள்.

தேவசகாயம் தெலுங்கில் சொல்ல வாயைத் திறந்தார், மூடினார், பிறகு நீலாவைப் பார்த்தார்.