சீட் இறங்கும், ஏறாது

1

இந்தக் கதை எனக்கு ஒரு பச்சைத் திரைச்சீலைக்குப் பின்னால் கிடைத்தது. ஒட்டுக்கேட்டேன் என்பீர்கள். முழங்காலில் மின்சார ஒத்தடத்தைக் கட்டிக்கொண்டு அசைய முடியாமல் படுத்திருந்தவள் நான். காதை எங்கே கழற்றி வைப்பது? அன்று திறந்த வாய் இன்னும் சரியாக மூடவில்லை. மூடத்தான் எழுதுகிறேன்.

முதல் வரியாக மூன்று எழுதிப் பார்த்தேன். "வலி என்பது உடல் எழுதும் கடிதம்." மருந்துக்கடைக் காலண்டரில் இருப்பதுபோல இருந்தது, அடித்துவிட்டேன். "எதிர்வீட்டுக்காரர் மிக நல்ல மனிதர்." அப்புறம் யார் படிப்பார்கள்? அதையும் அடித்தேன். "எங்கள் தெருவில் எனக்குத் தெரியாமல் எதுவும் நடப்பதில்லை." இதை மட்டும் அடிக்கவில்லை. எனக்கு நானே கொடுத்துக்கொள்ளும் தண்டனையாக இருக்கட்டும். காரணம் நான்காம் பகுதியில்.

2

இப்போது எதிர்வீட்டுக்காரரை உள்ளே விடுகிறேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது அவர் வேலை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன எஃகு ஸ்கேல் இருக்கும். தெருவில் அவருக்கு மில்லிமீட்டர் என்று பெயர். வைத்தது யார் என்று கேட்காதீர்கள்.

விடிந்ததும் சைக்கிளை எடுத்தால் நாற்பது கிலோமீட்டர் மிதித்துவிட்டு எட்டு மணிக்குத் திரும்புவார். குளித்துவிட்டு பஸ்ஸில் வேலைக்குப் போவார். சைக்கிள் ஹாலில், சோபாவுக்குப் பக்கத்தில் நிற்கும். அதற்குத் துடைக்கத் துண்டு தனி, மூடப் போர்வை தனி. போன வருடம் மனைவி, நானும் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டாளாம். இது காய்கறி வாங்கப் போகிற சைக்கிள் இல்லை என்று சிரித்தாராம். அந்தச் சிரிப்பு என் ஜன்னல்வரை கேட்டது.

(இந்த இடத்தில் அவரைக் கொஞ்சம் கெட்டவராக்கினால் கதைக்கு நல்லது. மனசு வரவில்லை. என் கண்ணாடியை மூன்று முறை ஓசியில் சரிசெய்து கொடுத்தவர்.)

ஆறு மாதமாக அவருக்கு முதுகுவலி. அடிமுதுகில் பிடித்து, தொடையின் பின்பக்கமாக இறங்கிக் கெண்டைக்கால்வரை இழுக்கும். தெருவே டாக்டராகிவிட்டது. தையல்காரர் மெத்தையை மாற்றச் சொன்னார். மருந்துக்கடைக்காரர் கொடுத்த இடுப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டு பார்சல்போல நடந்தார். மசாஜ்காரர் ஒருவர் அழுத்திய அழுத்தில், அதுவரை குனிய முடிந்தவர் குனியவும் முடியாமல் வந்தார். கதவு நிலையைப் பிடித்துத் தொங்கச் சொன்னது நான்.*

தினமும் சாயங்காலம் மனைவி எண்ணெயைச் சூடாக்கி முதுகில் தேய்த்துவிடுவாள். அந்த வாசனையை வைத்தே நான் மணி ஆறரை என்று சொல்லிவிடுவேன்.

கடைசியில் எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எலும்பில் ஒன்றுமில்லை, வயது நாற்பத்தேழு, சைக்கிளை விட்டுவிடுங்கள் என்றார். மில்லிமீட்டர் அன்றே விற்பனைக்கு விளம்பரம் போட்டார். ஞாயிறு காலை பத்து மணிக்கு ஒருவர் எடுத்துக்கொண்டு போக வருவதாகப் பேச்சு. அதற்கு முன் கடைசி ஆசையாக, புதன்கிழமை, எனக்கு ஒத்தடம் கொடுக்கும் பிசியோதெரபிப் பெண்ணிடம் வந்தார். சைக்கிளோடு வரச் சொல்லியிருந்தாள்.

* தொங்கினார். இறக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். இந்தக் குறிப்பை எடுத்துவிட நினைத்தேன். நீங்கள் வேறு யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு நானே சொன்னதாக இருக்கட்டும்.

3

திரைக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் சைக்கிளின் பின்சக்கரத்தை ஒரு தாங்கியில் ஏற்றி, அவரை உட்கார்ந்து மிதிக்கச் சொன்னாள். கொஞ்ச நேரம் சங்கிலிச் சத்தம். பிறகு டேப்பை இழுக்கும் சத்தம்.

"சார், இந்த சீட் உங்களுக்கு ரெண்டு சென்டிமீட்டர் அதிக உயரம். பெடல் கீழ போறப்ப கால் எட்டல. ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பைச் சாய்ச்சு எட்டுறீங்க. முதுகு என்ன பண்ணும், பாவம்?"

"இருக்காதும்மா. வாங்கின அன்னைக்கே நான் அளந்து வச்சது. திருகு லூசாயிருக்கும்."

"திருகு லூசானா சீட் இறங்கும் சார். ஏறாது."

என் முழங்காலில் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தது. அதைவிடப் பெரிதாக ஒன்று அப்போது என்மேல் பாய்ந்தது.

"உங்களைவிடக் கால் நீளமா இருக்கிற யாரோ இதை ஓட்டுறாங்க," என்றாள்.

"அதை யாரும் தொட மாட்டாங்கம்மா."

அவ்வளவு நிச்சயமாகச் சொன்னார். ஊரார் மூக்கையெல்லாம் திரும்பத் திரும்ப அளக்கிறவர், தான் ஒருமுறை அளந்ததை மட்டும் மறுபடி அளக்க மாட்டார். தன் கைமேல் அத்தனை நம்பிக்கை. அவள் சீட்டை இறக்கிவைத்து, சரியான உயரத்தை ஒரு தாளில் எழுதியும் கொடுத்தாள். அவரோ, சீட் நிற்காத சைக்கிளை வைத்துக்கொண்டு என்ன செய்ய, விற்பதே சரி என்று முனகியபடி உருட்டிக்கொண்டு போனார்.

4

அந்த வீட்டில் அவரைவிடக் கால் நீளமானவர் ஒரே ஒருவர்தான், அது அவருடைய

(இந்த வரியை முடிக்கக் கை வரவில்லை. அவர்கள் வீட்டு ஹாலில் கல்யாணப் போட்டோ இருக்கிறது. அதில் அவர் ஒரு படி மேலே நிற்கிறார். அப்படியும் இருவர் தலையும் ஒரே மட்டத்தில் இருக்கும். பதினெட்டு வருடமாகப் பார்க்கிறேன், படியைத்தான் பார்க்கவில்லை.)

மதியம் இரண்டிலிருந்து நாலுவரை நான் தூங்குவேன். மற்ற நேரமெல்லாம் ஜன்னல்தான். வியாழக்கிழமை தூங்கவில்லை. இரண்டு பத்துக்கு எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அவள் சைக்கிளோடு வெளியே வந்தாள். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். சீட்டுக்குக் கீழே, அதை இறுக்கிப் பிடிக்கும் சின்னக் கைநெம்பைத் திறந்து சீட்டை உயர்த்தினாள், பூட்டினாள், ஏறினாள், போயே போய்விட்டாள். தையல்காரர் வழியில் கிடந்த ஸ்டூலைத் தலை நிமிராமல் நகர்த்திக்கொடுத்தார். தினமும் செய்கிற வேலையைச் செய்வதுபோல.

நான் செருப்புக்கூடப் போடாமல் இறங்கி அவரிடம் ஓடினேன்.

"உங்களுக்குத் தெரியாதாக்கா?" என்றார். "ஆறு மாசமா ஓட்டுறாங்களே. நீங்க தூங்கப் போனப்புறம்தான் வண்டியை எடுப்பாங்க."

மருந்துக்கடைக்காரருக்குத் தெரியும். பால் போடுகிறவருக்குத் தெரியும். முதல் பகுதியில் அடிக்காமல் விட்ட வரியை ஒருமுறை திரும்பிப் படித்துவிட்டு வாருங்கள். நான் இங்கேயே தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறேன்.

5

மூன்றே முக்காலுக்கு அவள் வீட்டுக்குப் போனேன். டயர் மண்ணைச் சைக்கிளின் தனித் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தாள். திரைக்குப் பின்னால் கேட்டதை ஒன்றுவிடாமல் சொன்னேன். துடைத்த கை அப்படியே நின்றுவிட்டது.

"இறக்கி வச்சிடுவேனே," என்றாள். "கண்மதிப்புல இறக்கித்தான் வைப்பேன்."

கண்மதிப்பு. மில்லிமீட்டரின் மனைவி.

துண்டைக் கீழே போட்டுவிட்டுச் சொன்னாள்: "அப்போ நானே ஏத்தி வச்சு, அவருக்கு வலிச்சு, நானே எண்ணெய் தேய்ச்சு விட்டிருக்கேன். ஆறு மாசம்க்கா."

தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். என் வாயோ தன் வழக்கப்படி கேட்டது: "எதுவரைக்கும் போவே?"

"ஆத்துப் பாலம் வரைக்கும்."

"போய்?"

"போய்த் திரும்பி வருவேன். வேற என்ன?"

இதைச் சொன்னபோது அவள் முகம் இருந்த விதத்தை நான்கு முறை எழுதிப் பார்த்தேன். நான்கும் சரியில்லை. பதினெட்டு வருடத்தில் அந்த முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை, அவ்வளவுதான் எழுதத் தெரிகிறது.

"சொல்லிட்டா வண்டி வீட்டுல இருக்கும்," என்றாள். "எனக்கு இருக்காது. போர்வைக்குப் பூட்டே போட்டுடுவார். சொல்லலைன்னா ஞாயித்துக்கிழமை ரெண்டு பேருக்கும் இல்ல." பிறகு என் கையைப் பிடித்தாள். "நீங்க யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா. நானே பாத்துக்குறேன்."

என்னிடம் இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. சேதி சீக்கிரம் பரவ வேண்டும் என்றால்தான் என்னிடம் வருவார்கள்.

(எழுதுவது சொல்வதில் சேருமா? ஊர்பேர் எதுவும் போடவில்லை. மில்லிமீட்டரும் கதை படிக்கிற ரகம் இல்லை. இது போதாது என்று எனக்கே தெரிகிறது.)

6

முடிவுகள் மூன்று வைத்திருந்தேன்.

ஒன்று, அவள் சொல்கிறாள், அவர் போன வருடம்போலவே சிரிக்கிறார். இதை எழுதினால் நானே தெருவைத் தாண்டிப் போய் அவரை ஏதாவது கேட்டுவிடுவேன்.

இரண்டாவது: சைக்கிள் போய்விடுகிறது, மிதிக்காததால் முதுகு சரியாகிறது, டாக்டர் அன்றே சொன்னார் என்று அவர் பத்துப் பேரிடம் சொல்கிறார். நடக்கக்கூடியது இதுதான். அதனாலேயே பிடிக்கவில்லை.

அவருக்கு ஆரம்பத்திலிருந்தே எல்லாம் தெரியும் என்றொரு முடிவும் இருந்தது. படிக்க அழகாக இருக்கும். ஆனால் தெரிந்திருந்தால் காலையில் சீட்டை இறக்கிக்கொண்டு ஏறியிருப்பாரே! அந்த முதுகு நடிக்கவில்லை. தொங்கியதைப் பார்த்தவள் சொல்கிறேன்.

இப்படி மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தபோது, சனிக்கிழமை மதியம், அவளே என் வீட்டுக்கு வந்தாள்.

"அக்கா, நகப்பூச்சு இருக்கா? நல்ல சிவப்பா?"

இந்த வயதில் என்னிடம் ஏன் சிவப்பு நகப்பூச்சு இருக்கிறது என்பது வேறு கதை. கொடுத்தேன். எதற்கு என்று கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததில் எனக்குக் காய்ச்சலே வந்துவிட்டது.

7

ஞாயிற்றுக்கிழமை. மணி ஒன்பது ஐம்பது. வாங்க வருகிறவர் தெருமுனையில் தையல்காரரிடம் வழி கேட்டுக்கொண்டிருக்கிறார். தையல்காரர் வேண்டுமென்றே சுற்றுவழியாகச் சொல்லி அனுப்புகிறார்.

மில்லிமீட்டர் சைக்கிளை வாசலுக்குக் கொண்டுவந்து கடைசியாகத் துடைக்கிறார். கைப்பிடி, சங்கிலி, சீட். சீட்டுக்குக் கீழே குழாயில் துண்டு நின்றுவிட்டது. அங்கே இரண்டு சிவப்புக் கோடுகள். கீழ்க்கோட்டில், பிசியோதெரபிப் பெண் எழுதிக் கொடுத்த உயரத்திலேயே சீட் நிற்கிறது. அதற்கு மேலே, சீட்டுக்குப் பக்கமாக இருக்கிற இன்னொரு கோடு

இல்லை, குழப்புகிறேன். குழாயை இழுக்க இழுக்க அடியிலிருந்து வெளியே வரும். முதல் கோடு சைக்கிள் சட்டத்தின் விளிம்பில் தெரிகிறது, அது அவருக்கு. அடுத்தது உள்ளே மறைந்திருக்கிறது. சீட்டை உயர்த்தினால்தான் தெரியும். அவர் நெம்பைத் திறந்து இழுத்ததால் கண்டுபிடித்தார். அது யாருக்கு என்று உங்களுக்குத் தெரியும்.

பையிலிருந்து ஸ்கேலை எடுத்தார். இரண்டு கோட்டுக்கும் நடுவே வைத்தார். படித்தார். மறுபடி வைத்தார். ஒருமுறை அளந்ததை அவர் இரண்டாம் தரம் அளந்து நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. பிறகு மெதுவாக நிமிர்ந்து வாசற்படியைப் பார்த்தார். அங்கே அவள், படியில் நிற்காமல் இறங்கி, அவருக்குப் பக்கத்தில் தரையில் நின்றாள். ஒரு தலை உயரமாக. ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள்.

என் ஜன்னலிலிருந்து கேட்கிற தூரம்தான்.

ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

சாத்திய பிறகு, கண்ணாடியைத் தாண்டி, நெம்பு பூட்டும் சத்தம் மட்டும் ஒருமுறை கேட்டது. எந்தக் கோட்டில் என்று தெரியவில்லை. வேண்டுமானால் நீங்கள் வந்து ஜன்னலைத் திறந்து பாருங்கள், கொக்கி இடதுபக்கம் இருக்கிறது. நான் தூங்கப் போகிறேன். மணி பத்துதான் ஆகிறது என்பது எனக்கும் தெரியும்.