பிளாப்பிக்குப் போட்ட பூசை

திகாம் பத்து என்ற சிற்றூரில் ஷாமளாவின் எம்பிராய்டரி கடை சில நாளாக ஊமையாகக் கிடந்தது. பள்ளிச் சின்னமும் கோவில் சட்டையுமாகத் தைத்துத் தள்ளிய மெஷினுக்கு ஒரு குறையுமில்லை. அதை ஆட்டிவைக்கும் பழைய கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்தான் மண்டையைப் போட்டுவிட்டது.

அங்கே நூல் வெட்டும் காளியம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. "இது ஓடலன்னா கடைய மூடிட்டு எங்க ஊரு அலோர் ஸ்டாருக்கே போயிடுவேன்லா" என்று ஷாமளா சொல்லிவிட்டாள். பாடாங் மேஹா ரப்பர்த் தோட்டத்தை விட்டு வந்த காளியம்மாவை, வயதைக் காரணம் காட்டிக் கையுறைத் தொழிற்சாலையில் வாசலோடு அனுப்பிவிட்டார்கள். இந்தக் கடையும் போனால் அவள் எங்கே போவாள்?

சுங்கை பட்டாணியிலிருந்து ரிப்பேர்காரன் சத்தியசீலன் வந்தான். பழைய டிஸ்க்கில் மிஞ்சியதையெல்லாம் லேப்டாப்பில் எடுத்துக்கொண்டு வேறு டிஸ்க்கைப் பொருத்தினான். அவ்வளவு பெரிய டிஸ்க்கைக் கண்டதும் அந்தக் கம்ப்யூட்டர் திகைத்து நின்றுவிட்டது.

"டிஸ்க்க சின்னதா காட்டுறதுக்கு ஒரு புரோகிராம் ஓட்டணும்கா. அது பிளாப்பிலதான் வரும்" என்றபடி ஒரு பிளாப்பியைச் செருகினான். பாதிகூட உள்ளே போகவில்லை. டிரைவைக் கழற்றி மேசையில் தட்டினான். பொலபொலவென்று திருநீறு கொட்டியது.

காளியம்மா நூல் வெட்டுவதை நிறுத்திவிட்டாள். வருசா வருசம் ஆயுத பூசைக்குக் கத்தரிக்கோல் முதல் மெஷின் வரை பொட்டு வைப்பவள் அவள்தான். கம்ப்யூட்டருக்கு வாய் மாதிரி ஓர் இடுக்கு இருக்கும்போது வெளியில் பூசினால் மட்டும் போதுமா? ஷாமளா அந்தப் பக்கம் திரும்பியதும் இவள் உள்ளே ஒரு சிட்டிகைத் திருநீறு போட்டுவிடுவாள். டிசைன்கள் சீடியில் வர ஆரம்பித்த பிறகு அந்த இடுக்கை யாரும் சீந்தவில்லை. கடை நன்றாக இருக்கட்டும் என்று செய்தது, கடைக்கே உலை வைக்கும் என்று அவள் கண்டாளா?

"யாரு அக்கா இதுக்கு அபிஷேகம் பண்ணது? டிரைவ் ரோசாக்லா, கெட்டே போச்சு!" சத்தியசீலனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இன்னொரு தட்டுத் தட்டினான். இப்போது குங்குமம் கட்டி கட்டியாக விழுந்தது. தான் குங்குமம் போட்டதே இல்லையே என்று யோசிக்கும் நிலையில் காளியம்மா இல்லை.

"தூசிதான் தம்பி" என்றாள் ஷாமளா அவசரமாக. "வேற வழி இருக்கா பாரு."

"பிளாப்பி டிரைவே வேணாம்கா. பிளாப்பில இருக்கறத அப்படியே சீடில எழுதிப் போட்டா, இந்தக் கிழம் அதையும் பிளாப்பின்னுதான் நம்பும்."

நம்பவும் செய்தது. சீடியிலிருந்து அந்தப் புரோகிராம் ஓடியது, டிஸ்க் தன் அளவைக் குறைத்துச் சொன்னது, கம்ப்யூட்டர் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. எடுத்துவைத்ததையெல்லாம் திரும்ப ஏற்றியதும் மெஷினின் ஊசிகள் கடகடவென்று இறங்கின. சத்தியசீலன் தே தண்ணி குடிக்கப் போனான்.

அதற்குமேல் காளியம்மாவால் பொறுக்க முடியவில்லை. "ஷாமளாம்மா, அந்தத் திருநீற நான்தான் போட்டேன். கெட்ட எண்ணத்துல இல்லம்மா. வேலைய விட்டு நிறுத்திடாதீங்க" என்று அழுதேவிட்டாள்.

ஷாமளா வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"அழாதீங்கக்கா. நீங்க வீட்டுக்குப் போனப்புறம் வருசா வருசம் நான்தான் அதுல குங்குமத்தப் போட்டேன். உங்கள நிறுத்துனா மொதல்ல என்னத்தான் நிறுத்தணும்."